34 விழுக்காடு போதும் என்று நினைத்த இரவு

மின்சாரக் கார் வாங்கப் போவதாக அப்பா சொன்னபோது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நடு ராத்திரியில ஏதாவது அவசரம்னா என்ன செய்வீங்க?”

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா படிக்கும் மாணவி நான். வாட், வோல்ட், ஆம்பியர் என்று தினமும் புரள்பவள். “அம்மா, வீட்டிலேயே சார்ஜ் போடலாம். தினமும் காலையில எண்ணெய் நிரப்பின மாதிரி கார் நிக்கும்” என்று பெரிய நிபுணரைப் போல விளக்கினேன்.

நான் சொன்னதில் தவறில்லை. ஆனால் காரில் சார்ஜ் போட யாராவது மறக்காமல் இருக்க வேண்டுமே, அதைச் சொல்லவில்லை.

அம்மாவின் கேள்விக்கு விடை ஒன்பது மாதம் கழித்துக் கிடைத்தது. அந்த இரவைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்போது மின்சாரக் கார் பற்றிய பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம். விற்பனையாளர் சொல்லாத சில விஷயங்களை, எங்களைப் போல அனுபவப்பட்டுத்தான் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

வாளியும் குழாயும்

முதலில் ஒரு சின்னப் பாடம். கிலோவாட், கிலோவாட்-மணி இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். என் வகுப்பு நண்பர்களே குழம்புவார்கள்.

பேட்டரியை ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி எவ்வளவு கொள்ளும் என்பது கிலோவாட்-மணி. மின் கட்டண ரசீதில் நாம் யூனிட் என்று சொல்வதும் இதுதான். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது கிலோவாட்.

எங்கள் காரின் வாளி ஏறக்குறைய 60 யூனிட் கொள்ளும். வீட்டில் சாதாரண மூன்று முள் பிளக்கில் போட்டால் 230 வோல்ட், 10 ஆம்பியர், அதாவது 2.3 கிலோவாட். காலி பேட்டரி நிறைய 26 மணி நேரம் ஆகும். எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சுவரில் தனி சார்ஜர் பொருத்தினால் 32 ஆம்பியர், சுமார் 7 கிலோவாட். அப்போது ஒன்பது மணி நேரம் போதும். நெடுஞ்சாலையில் இருக்கும் டிசி விரைவு சார்ஜர்கள் 50 முதல் 180 கிலோவாட் வரை தரும். ஆனால் கார் எவ்வளவு வாங்கிக்கொள்ளுமோ அவ்வளவுதான் உள்ளே போகும்.

நாங்கள் கிள்ளானில் தரை வீட்டில் இருக்கிறோம். அப்பா பூச்சோங்கில் வேலை செய்கிறார். போக வர நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதம் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். நகர ஓட்டத்தில் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவாகிறது. சார்ஜ் போடும்போது வீணாவதையும் சேர்த்தால் மாதம் 250 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 45 சென் என்று வைத்தால் 112 ரிங்கிட்.

பழைய பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும். லிட்டர் 1.99 ரிங்கிட் மானிய விலையில் போட்டாலும் மாதம் 209 ரிங்கிட். ஆக, செலவு ஏறக்குறைய பாதியானது. எஞ்சின் ஆயில் மாற்றும் செலவும் இல்லை. அப்பாவுக்கு மகிழ்ச்சி. பழைய காரை விற்றுவிட்டோம்.

என் வேலை

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. தம்பி குப்பை போட வேண்டும். நான் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு காரில் சார்ஜ் போட வேண்டும்.

இரண்டு நிமிட வேலை. கேபிளை எடுத்துச் செருகி, ‘கிளிக்’ சத்தம் கேட்டதும், பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தால் போதும்.

முதல் இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு கணக்குப் போட ஆரம்பித்தேன். அப்பாவுக்கு நாளைக்குத் தேவை 60 கிலோமீட்டர். அதற்கு 9 யூனிட், 15 விழுக்காடு. எனவே 34 விழுக்காடு இருந்தால் தாராளம். மூன்று நாளைக்கு ஒருமுறை போட்டால் போதாதா?

அன்று இரவும் அப்படித்தான். வெளியில் மழை. எனக்கு மறுநாள் ஒப்படைக்க வேண்டிய இடுபணி இருந்தது. கைப்பேசிச் செயலியைத் திறந்து பார்த்தேன். 34 விழுக்காடு. ‘நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்’ என்று மூடிவிட்டேன்.

இரவு 12.15

சுங்கைப் பட்டாணியிலிருந்து மாமா அழைத்தார். பாட்டிக்குக் கடுமையான வயிற்று வலி, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். குடல் அடைப்பு. விடிவதற்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். பாட்டிக்கு 78 வயது.

“தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னால உன்னைப் பார்க்கணும்னு அம்மா கேட்கிறாங்க” என்றார் மாமா.

அம்மா ஒன்றும் பேசாமல் பை எடுக்கப் போனார். அப்பா என்னைப் பார்த்தார்.

“கார்ல எவ்வளவு இருக்கு?”

எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. “முப்பத்தி நாலு” என்றேன்.

அப்பா திட்டவில்லை. “இப்பவே ஓடிப் போய்ப் போடு” என்றார். மழையில் ஓடிப் போய்ச் செருகினேன். துணிமணி எடுத்து, தம்பியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டு, கிளம்பும்போது 12.50. அந்த 25 நிமிடத்தில் ஏறியது 3 யூனிட். 39 விழுக்காடு.

கிள்ளானிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 110-இல் ஓட்டினால் 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் வேண்டும். எங்களிடம் இருந்தது 23 யூனிட். பாதி தூரம்கூடப் போக முடியாது.

அருகில் உள்ள பேரங்காடிகளில் விரைவு சார்ஜர்கள் உண்டு. ஆனால் நள்ளிரவில் வாகன நிறுத்துமிடம் மூடியிருக்கும். எனவே நெடுஞ்சாலையில்தான் போட வேண்டும். வழியில், வீட்டிலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சார்ஜர் இருப்பதாகச் செயலி காட்டியது. ‘பயன்பாட்டுக்குக் கிடைக்கிறது’ என்று பச்சைக் குறி. அங்கே போவது என்று முடிவு செய்தோம். அப்பா 90-க்கு மேல் ஓட்டவில்லை.

இருண்ட திரை

இரண்டு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். 16 விழுக்காடு மீதி. சார்ஜரின் திரை இருண்டு கிடந்தது. செயலியில் திரும்பத் திரும்ப அழுத்தினேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். எதுவும் நடக்கவில்லை.

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். “ரோசாக் டிக், டுவா ஹாரி சுடா” என்றார். பழுதாகி இரண்டு நாளாம். செயலிக்கு அது தெரியவில்லை.

உதவி எண்ணை அழைத்து, காத்திருந்து, பயனில்லாமல் வைத்தபோது 15 நிமிடம் போயிருந்தது. காரின் பின் இருக்கையில் அம்மா கைப்பேசியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ‘நான் அன்றைக்கே கேட்டேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த சார்ஜர் இன்னும் 50 கிலோமீட்டர் தள்ளி, தாப்பாவில். 16 விழுக்காடு என்றால் 10 யூனிட்டுக்கும் குறைவு. 110-இல் போனால் எட்டரை யூனிட் தேவை. போய்விடலாம், ஆனால் அங்கே வரிசை இருந்தாலோ, அதுவும் பழுதாக இருந்தாலோ ஒன்றும் செய்ய முடியாது.

அப்போதுதான் எனக்குப் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 110-ஐ 80-ஆகக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். “அப்பா, எண்பதுல போங்க. லாரிக்குப் பின்னால ஒட்டாம, இடது தடத்திலேயே போங்க” என்றேன். ஏர்கானை அணைத்தோம். மழையில் கண்ணாடி புகைமூட்டமானபோது மட்டும் ஒரு நிமிடம் போட்டு அணைத்தோம்.

40 நிமிடம். யாரும் பேசவில்லை. திரையில் எண் 12, 10, 8 என்று இறங்குவதையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தாப்பா ஓய்விடத்துக்குள் நுழைந்தபோது 5. சார்ஜர் வேலை செய்தது. அப்பா ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அங்கே 40 நிமிடம் நின்றோம். 42 யூனிட் ஏற்றி, 75 விழுக்காட்டில் கழற்றினேன். அதற்கு மேல் நிற்பது நேர விரயம். தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகும் ரயிலைப் பார்த்திருப்பீர்கள். காலியாக வரும்போது கூட்டம் மளமளவென்று ஏறிவிடும்; கடைசியில் ஏறுபவர்கள் இடம் தேடி இடித்துக்கொண்டு நிற்பார்கள். பேட்டரியும் அப்படித்தான். 80 விழுக்காட்டுக்கு மேல் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

யூனிட்டுக்கு 1.40 ரிங்கிட் வீதம் அன்று கொடுத்தது 58.80 ரிங்கிட். அதே தூரத்துக்குப் பழைய காரில் பெட்ரோல் 35 ரிங்கிட்கூட ஆகியிருக்காது. மின்சாரக் கார் எப்போதும் மலிவு என்று யாராவது சொன்னால் ‘எங்கே சார்ஜ் போடுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். வீட்டில் போட்டால் மலிவு. நம் நாட்டு மானியப் பெட்ரோலோடு ஒப்பிட்டால், நெடுஞ்சாலையில் போடுவது பல நேரம் மலிவு இல்லை.

ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்தை நோக்கி ஏறும்போது விழுக்காடு விறுவிறுவென்று குறைந்தது. பயந்து போய்க் கணக்குப் போட்டேன். எங்களோடு சேர்த்து இரண்டு டன் எடை. 100 மீட்டர் உயரம் ஏற அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். கோலகங்சார் பக்கம் இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. முழுவதும் திரும்பாது. ஏறியதில் செலவானது இறங்கும்போது அப்படியே வந்துவிடும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மருத்துவமனைக்குள் நுழைந்தபோது காலை 5.45. பாட்டியை 5.10-க்கு உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள்.

35 நிமிடம்

பாட்டி பிழைத்துக்கொண்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அறுவை சிகிச்சை முடியும் வரை, மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அம்மா அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றது எனக்கு மறக்காது. பாட்டி உள்ளே போகும்போது “வந்துட்டாளா?” என்று இரண்டு முறை கேட்டாராம்.

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் இரவு நான் கேபிளைச் செருகியிருந்தால், நள்ளிரவுக்குள் கார் 80 விழுக்காட்டைத் தொட்டிருக்கும். 12.30-க்கே கிளம்பியிருப்போம். ஈப்போவைத் தாண்டி, எங்களுக்கு வசதியான ஓரிடத்தில் 20 நிமிடம் நின்றிருந்தால் போதும். 4.30-க்குப் பாட்டியின் கையை அம்மா பிடித்திருப்பார்.

பழியைப் பழுதான சார்ஜர் மீது போடலாம். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் 39 விழுக்காட்டில் கிளம்பியதால்தான் அந்த ஒரு சார்ஜரை நம்பி இருக்க வேண்டியதாயிற்று. பெட்ரோல் காரில் மறதிக்கு மன்னிப்பு உண்டு. 24 மணி நேர நிலையத்தில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். மின்சாரக் காரில் அந்த ஐந்து நிமிடத்தை முதல் நாள் இரவே கொடுத்துவிட வேண்டும்.

மறுபடியும் அதே சாலை

மூன்று மாதம் கழித்து, பாட்டியைக் கிள்ளானுக்கு அழைத்து வரப் போனோம். பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. இந்த முறை திட்டம் என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை இரவே முழுதாக ஏற்றினேன். எங்கே நிற்கலாம் என்று ஓரிடம், அது கைகொடுக்காவிட்டால் இன்னோர் இடம் என்று குறித்துக்கொண்டேன். சார்ஜர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. கடைசியாக யார், எப்போது வெற்றிகரமாகப் போட்டார்கள் என்று பயனர் பதிவுகளையும் பார்த்தேன். 25 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் முன்பே நிற்பது என்று முடிவு செய்தோம். முதல் சார்ஜர் பழுதென்றால் அடுத்ததற்குப் போக அது போதும்.

ஓய்விடத்தில் எங்களுக்கு முன் மூன்று கார்கள். சார்ஜரில் நின்ற ஒரு காரின் திரையில் 96 விழுக்காடு, உரிமையாளரைக் காணோம். 20 நிமிடம் கழித்து நாசி லெமாக் பொட்டலத்தோடு நிதானமாக வந்தார். பண்டிகைக் காலங்களில் இப்படி ஒருவர் நின்றால் பின்னால் நால்வர் நிற்க வேண்டும். 80 ஆனதும் எடுத்துவிடுவது சட்டமில்லை, மரியாதை. பந்தியில் சாப்பிட்டு முடித்தவர் அடுத்தவருக்காக எழுந்துகொள்வதைப் போல.

மாமா வீட்டில் சாதாரண மூன்று முள் பிளக்தான். இரவு 10 மணி நேரம் போட்டதில் 23 யூனிட், 38 விழுக்காடு ஏறியது. நீட்டிப்பு வயரைப் பயன்படுத்தவில்லை. பல மணி நேரம் தொடர்ந்து 10 ஆம்பியர் ஓடினால் தரமற்ற வயர் சூடாகி உருகும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். மறுநாள் மின்கட்டணத்துக்கு என்று மாமாவிடம் பத்து வெள்ளியை நீட்டி, நன்றாகத் திட்டு வாங்கினேன்.

திரும்பும் வழியில் பாட்டி கேட்டார்: “ஏம்மா, ஃபோன் மாதிரி காரையும் செருகி வைக்கிறீங்களா? மறந்துட்டா?”

முன் இருக்கையில் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பதில் சொன்னேன். “மறக்க மாட்டோம் பாட்டி.”

சுவர் இல்லாதவர்கள்

என் தோழி ஒருத்தி பிபிஆர் அடுக்ககத்தில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறாள். இந்தக் கதையை அவளிடம் சொன்னபோது, “உனக்கு மறக்கிறதுக்காவது ஒரு பிளக் இருக்கு” என்றாள். அந்த வார்த்தை என்னை யோசிக்க வைத்தது.

45 சென் மின்சாரம் தரை வீட்டுக்காரர்களுக்குத்தான். சொந்தச் சுவர் இல்லாதவர்கள் ஒவ்வொரு யூனிட்டையும் பொதுச் சார்ஜரில் வாங்க வேண்டும். மலேசியா 2025-க்குள் 10,000 பொதுச் சார்ஜர்கள் என்று இலக்கு வைத்தது. பெரும்பாலோர் அடுக்ககங்களில் வாழும் சிங்கப்பூர், பொது இடங்களையும் தனியார் இடங்களையும் சேர்த்து 2030-க்குள் 60,000 என்று இலக்கு வைத்திருக்கிறது. எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் இரண்டு நாள் இருண்டு கிடந்த அந்தத் திரையையும் நினைத்துப் பாருங்கள். சார்ஜரை நட்டால் மட்டும் போதாது. அதைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் நம்மிடமிருந்துதான் வர வேண்டும். மின்சாரக் காரின் ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது பல நூறு வோல்ட். முறையான பயிற்சி இல்லாமல் யாரும் தொட முடியாது. எஸ்பிஎம் முடித்து என்ன படிக்கலாம் என்று யோசிப்பவர்கள், தொழிற்பயிற்சிக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் உள்ள மின்னியல், வாகனத் தொழில்நுட்பப் படிப்புகளைக் கவனியுங்கள். இயற்பியலில் படிக்கும் ஆற்றல், திறன், மின்னோட்டம் எல்லாம் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதில்லை. ஓர் இரவு அவைதான் எங்களைத் தாப்பா வரை கொண்டு போய்ச் சேர்த்தன.

உங்கள் வீட்டில் மின்சாரக் கார் வாங்குவதா என்று பேச்சு வந்தால் விலையையும் நிறத்தையும் கேட்பதற்கு முன், எங்கே சார்ஜ் போடுவோம், யார் போடுவார்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால் வாங்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது 60 விழுக்காட்டுக்குக் கீழே கார் இரவு தங்குவதில்லை. செயலியில் நினைவூட்டல் வசதி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே அம்மாவின் குரல் வந்துவிடும். தூங்கப் போகும் முன், கேஸ் அடுப்பு மூடியாச்சா, கேட் பூட்டியாச்சா என்ற வரிசையில் மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது.

“கார் போட்டாச்சா?”

“போட்டாச்சும்மா.”

சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகப் பச்சை விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.